குளிராத ஃப்ரிட்ஜில் பதினாறு பல்

அத்தியாயம் 5

பாஸுக்குப் பல்வலி. வலது கன்னம் வீங்கி, பேச்சு பாதி வாயில் வந்துகொண்டிருந்தது. கத்தியை நீட்டிய ரௌடியிடம் "கத்தி எங்கப்பா வாங்கினே, பில் இருக்கா?" என்று கேட்ட பெண்மணி அவர். பல் டாக்டர் போர்டைப் பார்த்தால் மட்டும் தெருவையே மாற்றிப் போவார்.

அவரை மாமியார் முதல் போலீஸ்காரர் வரை எல்லோரும் 'சந்தேகம்' என்றுதான் சொல்வார்கள். முன்பு அவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறார். நான் அவருடைய உதவியாளன். பின்னாலேயே போவதால் எனக்கு 'வால்' என்று பெயர் வந்ததாக நான் சொல்வேன். காரணம் அது இல்லை என்று என் அம்மா சொல்வாள்.

போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பாஸ், நோயைத் தேடிக்கிட்டு வைத்தியரே வர்றார். பேசறது ஒரு பல் டாக்டர்."

"போனை வை."

"அவர் வீட்டுல திருட்டாம்."

பாஸ் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "அப்ப போலாம். ஆனா என் பல்லைப் பத்தி அங்க நீ ஒரு வார்த்தை பேசினே, உன் வாயில பல்லே மிஞ்சாது."

டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் இரண்டு ஃப்ரிட்ஜ்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று புதிது, வெள்ளை. இன்னொன்று பழசு, அதுவும் வெள்ளை. பழசின் முதுகில் பெரிய ஓட்டை போட்டு இரண்டு காற்றாடி பொருத்தியிருந்தார்கள். அவை 'ர்ர்' என்று சுற்றிக்கொண்டிருந்தன.

டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் கையுறை வேறு. பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிற மனிதர். பாஸ் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"இதுதான் பேஷண்ட்," என்று பழைய ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தார் டாக்டர்.

உள்ளே விளக்கு எரிந்தது. மேல் தட்டில் ஹார்ட் டிஸ்க், கீழ்த் தட்டில் ஹார்ட் டிஸ்க். காய்கறி வைக்கிற டிராயரில் கம்ப்யூட்டரின் குடல் முழுவதும் இருந்தது. அங்கிருந்து கிளம்பிய வயர்கள் ஒவ்வொரு டிஸ்க்கின் பின்னாலும் போய்ச் செருகியிருந்தன. மிச்ச நீளமெல்லாம் முன்பக்கம் தொங்கியது.

"வீட்டுல எந்த டிவியில யார் எதைத் தட்டினாலும் படம் இங்கேர்ந்துதான் போகும்," என்றார் டாக்டர். துக்கத்திலும் அவருக்குப் பெருமை போகவில்லை. "மதர்போர்டுல எட்டு டிஸ்க் சொருகத்தான் இடம். மீதி எட்டுக்குத் தனியா ஒரு கார்டு போட்டேன். கரண்டுக்கு ஒவ்வொரு வயரையும் நாலாப் பிரிச்சேன். பதினாறும் ஒரே நேரத்துல எழுந்தா பவர் சப்ளை படுத்துடும். அதனால ஒவ்வொண்ணா எழுந்திரிக்கிற மாதிரி வச்சிருக்கேன்."

"ஒரே பாத்ரூம் இருக்கிற வீடு மாதிரி," என்றேன்.

"டிஸ்க்குல நம்பர் ஒண்ணும் எழுதலையே?" என்றார் பாஸ், வாயை அதிகம் திறக்காமல்.

"பல்லுல நம்பர் எழுதியா இருக்கு? மேல் வரிசை எட்டு, கீழ் வரிசை எட்டு. நடுவுல இடைவெளி, ரெண்டு பக்கமும் நாலு நாலு. நடுவுலேர்ந்து எண்ணிக்க வேண்டியதுதான்."

"ஒண்ணுல இருக்கிறதுக்கு இன்னொண்ணுல காப்பி உண்டா?"

"இல்ல. ஒவ்வொண்ணும் தனிக்குடித்தனம்."

"அதனாலதான் இன்னைக்கு நான் நடுத்தெருவுல நிக்கறேன்," என்றாள் டாக்டரின் மகள்.

அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்த முகம். ஒரு வீடியோ கம்பெனியில் எடிட்டர். இரண்டு வருடமாக லீவு நாளையெல்லாம் தின்று, சொந்தமாக ஒரு படம் எடுத்திருக்கிறாள். ஒரு போட்டியில் அது கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. முழுப் படமும் இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள்.

"லேப்டாப்ல இல்லையா?"

"இடம் இல்லைன்னு போன வாரம் அழிச்சிட்டேன். அப்பாதான் சொன்னார், என் ஃப்ரிட்ஜுல வை, பேங்க் லாக்கர் மாதிரின்னு." அந்த இடத்தில் அவள் குரல் உடைந்தது. எனக்கு வாயில் இருந்த ஜோக் உள்ளேயே போய்விட்டது.

நடந்ததை டாக்டர் சொன்னார். காலையில் ஒரு பேஷண்டின் வாயில் இவருடைய இரண்டு கையும் இருந்த நேரத்தில், இன்ன இடத்தில் இருக்கிற டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று ஃப்ரிட்ஜிலிருந்து போனுக்குச் செய்தி வந்திருக்கிறது.

"பார்த்த உடனே தெரிஞ்சுது, சொத்தை. அதுவும் என் பாட்டு டிஸ்க்."

"பாட்டா?"

"நான் பாடினது. நானூறு பாட்டு இருக்கும்."

சுவரோரமாக நின்றிருந்த டாக்டரின் மனைவி கண்ணை மூடித் திறந்தார்.

"நர்ஸை விட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, எந்தப் பல்லுன்னு விவரமாச் சொன்னேன். பிடுங்கி மேஜை மேல வைங்க, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வர்றேன், காப்பாத்த முடியுமான்னு பார்க்கறேன்னேன். வந்து பார்த்தா?" டாக்டர் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றபடியே வலது கையை நேராக நீட்டி மேல் தட்டில் ஒரு காலி இடத்தைத் தொட்டார். "பொண்ணோட படம் இருந்த டிஸ்க்கைக் காணோம். பாட்டு அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு. பிடுங்கினது மேஜை மேலயும் இல்ல."

"நீங்க சொன்னதைத்தான் பிடுங்கினேன் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"நான் சொன்னது பாட்டை! நீங்க பிடுங்கினது படத்தை! சும்மா இருங்க மாப்ளே!"

மாப்பிள்ளை சும்மா இருந்தார். அவர் நீச்சல் மாஸ்டர். ஆறடி உயரம், மாமனார் முன்னால் அஞ்சடி.

"டிவியில போட்டுப் பார்த்தாச்சு," என்றாள் மகள். "பாட்டும் வரலை, படமும் வரலை."

"இந்த ரெண்டு டிஸ்க்கையும் மாட்டினது யாரு?"

"நான்தான், போன வாரம். எது எங்கன்னு அப்பா கிளினிக்லேர்ந்து போன்ல சொன்னார்."

நான் இதற்குள் ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வந்திருந்தேன். கதவு ராக்கில் உயரமான தண்ணீர் பாட்டில் ஒன்று நின்றது. தொட்டேன். காபி கலக்கலாம் போலிருந்தது.

"டாக்டர், ஹார்ட் டிஸ்க்குக்குத் தாகம் எடுக்குமா?"

"மாப்ளே! மறுபடியுமா?"

"காலைல தூக்கக் கலக்கத்துல கதவு மாறிடுச்சு மாமா," என்றார் மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு.

பாஸ் பாட்டிலை எடுத்து உயரம் பார்த்தார். திரும்ப வைத்தார். கதவை மெதுவாக மூடினார். 'டொக்' என்று எதுவோ இடித்தது. திறந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் எங்களை நடைவழிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். "படமே மாப்பிள்ளையைப் பத்திதான். அவர் சோபாவுல தூங்கறது, குறட்டை விடறது, கடையில சட்டை பேரம் பேசி ஏமாறறது, எல்லாம் இருக்கு. வெளியே வந்தா மானம் போகும். அதான் டிஸ்க்கை ஒளிச்சு வச்சிருக்கார். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் வேணுமா?"

"வேணாம்தான். ஆனா கூப்பிட்டுட்டீங்களே," என்றார் பாஸ். "போன்ல அவர்கிட்ட என்ன சொன்னீங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க."

"மேல் வலது மூணு, நடுவுலேர்ந்து எண்ணுங்க. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை பால்கனியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரிடமும் பாஸ் அதையே கேட்டார்.

"மேல் வலது மூணு, நடுவுலேர்ந்து எண்ணுங்கன்னார். எண்ணிப் பிடுங்கினேன். சாப்பாட்டு மேஜையில வச்சு, மாமாவோட பாட்டு டிஸ்க் சொத்தையாம்னு அத்தைகிட்ட சொல்லிட்டுக் குளிக்கப் போனேன்."

"படத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை அழுதுட்டேன்."

"அவ்வளவு கேவலமாவா காட்டியிருக்காங்க?"

"இல்லைங்க." அந்த ஆறடி மனிதர் வெட்கப்பட்டார். "அதுல நான் ரொம்ப நல்லா இருக்கேன்."

உள்ளே வரும்போது என் தீர்ப்பைச் சொன்னேன். "பாஸ், ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றாங்க. அப்ப ஒருத்தர் பொய் சொல்றார்."

"பொய் சொல்றவன் கொஞ்சமாவது மாத்திச் சொல்வான் வால். ரெண்டு பேரும் எழுத்து மாறாம ஒண்ணையே சொன்னா ரெண்டு பேரும் யோக்கியன். அதுதான் எனக்குப் பிடிக்கலை."

"யோக்கியன் ரெண்டு பேர் சேர்ந்து ஒரு டிஸ்க்கைத் தொலைக்க முடியுமா?"

"மூணாவது யோக்கியன் ஒருத்தர் இருந்தா முடியும்," என்று சமையலறைக்குள் நுழைந்தார்.

டாக்டரின் மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று போனைக் காதில் வைத்திருந்தார். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது எனக்கே கேட்டது. எங்களைக் கண்டதும் போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் போன் வைக்கிற பெண்மணி ஒன்று அங்கே பணமும் ஒளித்திருக்க வேண்டும், அல்லது பயத்தில் இருக்க வேண்டும்.

பாஸ் அடுப்பைப் பார்த்தார். மூடிய பாத்திரங்களைப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்திலிருந்த ஆணியைப் பார்த்தார். ஆணியைச் சுற்றிச் சுவர் அழுக்கேறியிருந்தது. தினமும் எதையோ மாட்டி எடுக்கிற ஆணி. இப்போது காலியாக இருந்தது.

"இதுல என்னம்மா மாட்டுவீங்க?"

"சாப்பாட்டுப் பை. நர்ஸு தினம் வந்து வாங்கிட்டுப் போவா."

"இன்னைக்கும் வந்தாளா?"

"வந்தா."

"டாக்டர் வீட்டுக்கு வந்து சாப்பிடறேன்னு காலையிலேயே சொல்லிட்டார். சாப்பாடு இங்க, சாப்பிடற ஆளும் இங்க. பை மட்டும் எதுக்கும்மா கிளினிக்குப் போச்சு?"

அந்த அம்மாள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அவ போனை எடுக்க மாட்டேங்கறாம்மா," என்றார். கண்ணீர் கடகடவென்று வந்தது. "பழைய டிஸ்க் எது கிளினிக்குப் போனாலும் அவ அதுல ஓட்டை போட்டுடுவா. பேஷண்டோட எக்ஸ்ரே வெளியே போயிடக் கூடாதுன்னு இவர் வச்ச சட்டம். நான் எப்படிச் சொல்வேன், எந்த வாயால சொல்வேன்..."

"வால், வண்டி!"

நாங்கள் ஸ்கூட்டரில் பறந்தோம். குடும்பம் பின்னால் காரில் வந்தது. காருக்குள் நடந்த சண்டை சிக்னலில் நின்றபோது எங்களுக்கே கேட்டது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் பாஸ் "ஐயோ" என்றார். அது வழக்குக்கான ஐயோ இல்லை.

கிளினிக்கில் மத்தியான இடைவேளை. நர்ஸ் உள்ளறையில் காலி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுவரில் ஓட்டை போடுகிற டிரில் மிஷின் மேஜை மேல் கிடந்தது. அதன் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க். அதில் மூன்று ஓட்டை, நேர்க்கோட்டில், அழகாக.

"டாக்டர் எப்பவும் ரெண்டுதான் போடச் சொல்வார்," என்றாள் பெருமையாக. "அம்மா மூணாப் போடுன்னு சீட்டு எழுதி வச்சிருந்தாங்க. டிரில் சத்தத்துல போன் அடிச்சதே காதுல விழலை."

வாசலில் குடும்பம் நின்றது. மகள் அந்த டிஸ்க்கைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. பேஷண்டுகள் காத்திருக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நீயா?" என்றார் டாக்டர் மனைவியிடம்.

"உங்க பாட்டுன்னு நெனச்சேங்க!" அந்த அம்மாள் வெடித்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கறேன். சமைச்சா பாட்டு, படுத்தா பாட்டு. விருந்தாளி வந்தா டிவியைப் போட்டுப் பாட்டு. சம்பந்தி வீட்டு ஆளுங்க அதனாலேயே வர்றதை நிறுத்திட்டாங்க. மாப்பிள்ளை வந்து, மாமா பாட்டு சொத்தையாம்னு சொன்னார். தானாப் போறதை நீங்க மறுபடி காப்பாத்திடுவீங்களேன்னு அனுப்பிட்டேன். பொண்ணு படம்னு தெரிஞ்சிருந்தா என் கையை வெட்டிக்கிட்டிருப்பேன்."

"என் பாட்டுல ஓட்டை போட, மூணு ஓட்டை போட..." டாக்டர் அந்த டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்தார். கோபத்தில் ஆரம்பித்த முகம் பாதி வழியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடம் பாடியவருக்கு, யாருக்கும் பிடிக்கவில்லை என்பதை இன்றைக்குத்தான் ஒருவர் நேராகச் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளை மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மெல்லிய குரலில் சொன்னார்.

"நான் வேணா மறுபடி ரெண்டு வருஷம் தூங்கறேன். நீ மறுபடி எடு."

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த ஆளை இனிமேல் கிண்டல் பண்ணுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"டாக்டர்," என்றது பாஸின் குரல். "எனக்குப் பல் வலிக்குது."

திரும்பினேன். பாஸ் பல் டாக்டர் நாற்காலியில் ஏறிப் படுத்திருந்தார். தானாக! என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"இப்பவாம்மா?" என்றார் டாக்டர்.

"இப்பத்தான்."

வாயைத் திறந்து காட்டினால் பார்க்காமல் இருக்க டாக்டரால் முடியாது. தாகத்தோடு இருக்கிறவன் குழாயைத் திறக்கிற மாதிரி விளக்கைப் போட்டு, எதிரே நின்று குனிந்தார். "பெரிசா... ம்ம். குழியே விழுந்திருக்கு. நர்ஸ், குறிச்சுக்க. மேல் வலது ஆறு."

பாஸ் வாயில் கண்ணாடியோடு, விரலை நீட்டி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வழுதுன்னீங்க. கை உங்க இழது பக்கம் போகுழே?"

டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்தார். "உங்க வலதும்மா. பேஷண்டோட வலதுதான் எங்களுக்கு வலது. எதிர்ல நிக்கற எங்களுக்கு அது இடது பக்கம் தெரியும். காலேஜ்ல முதல் வருஷம் குழப்பும். அப்புறம் அதுவே பழகிடும், யோசிக்கவே வேண்டாம்."

"யோசிக்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜுலயும் நீங்க யோசிக்கலை." பாஸ் எழுந்து உட்கார்ந்தார். "அதையும் எதிர்ல நின்னு கதவைத் திறக்கறீங்க. மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை, நடுவுலேர்ந்து எண்ணறீங்க. பேஷண்டுன்னுதான் எங்களுக்கே அறிமுகம் பண்ணினீங்க. சொல்லுங்க, அந்த பேஷண்டுக்கு வலது எது?"

டாக்டரின் வாய், அந்த அறையில் முதல் தடவையாக, பேஷண்டின் வாயைப் போலத் திறந்தது.

"எல்லாரும் கேளுங்க," என்றார் பாஸ். "இந்த வீட்டுல டாக்டர் ஒருத்தருக்குத்தான் வலது இடது மாறும். மத்தவங்க எல்லாருக்கும் சோத்துக் கைப் பக்கம்தான் வலது. போன வாரம் டாக்டர் பொண்ணுகிட்ட போன்ல என்ன சொன்னார்?"

மகள் தலையைத் தூக்கினாள். "என் பாட்டு மேல் வலது மூணு, உன் படம் மேல் இடது மூணுன்னார்."

"நீங்க எங்க மாட்டினீங்க?"

"பாட்டை என் வலது கைப் பக்கம். படத்தை..." அவள் எழுந்துவிட்டாள்.

"இடது கைப் பக்கம். டாக்டர் கணக்குல அது வலது. இன்னைக்கு அவர் மாப்பிள்ளைகிட்ட மேல் வலது மூணுன்னார். மாப்பிள்ளையும் சோத்துக் கைப் பக்கம் எண்ணிப் பிடுங்கினார். அங்க இருந்தது பாட்டு. படம் இருந்த இடம்னு டாக்டர் எனக்குக் காட்டின காலி இடம், வலது கையை நேரா நீட்டித் தொட்ட இடம். அது பாட்டு இருந்த இடம்."

"அப்ப இது?" டாக்டர் மூன்று ஓட்டை டிஸ்க்கைக் காட்டினார்.

"அம்மா சரியாத்தான் அனுப்பியிருக்காங்க," என்றேன் நான். "குறி தப்பவே இல்ல."

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் இருக்கார்," என்றார். அதை இத்தனை சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

"ஆனா பதில் சொல்லலைன்னு செய்தி வந்தது என் படத்துக்குத்தானே?" என்றாள் மகள். "அப்ப அது நிஜமாவே சொத்தையா?"

"அதை உங்க வீட்டுக்காரரோட தண்ணி பாட்டில்கிட்ட கேக்கணும். கதவை மூடினா அது முன்னால தொங்கற வயரை இடிக்குது. காலையில தூக்கக் கலக்கத்துல ஓங்கிச் சாத்தியிருப்பார். நாலாப் பிரிச்ச வயர்ல கடைசி முனை நழுவியிருக்கும்னு என் சந்தேகம். கிளம்புங்க!"

திரும்பி வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஸ்கூட்டரில் பாஸ் ஒரு ஐயோகூடச் சொல்லவில்லை.

ஃப்ரிட்ஜைத் திறந்ததும் மகள் மேல் தட்டில் இடது கைப் பக்கம் மூன்றாவது டிஸ்க்கின் பின்னால் கையை விட்டாள். கரண்டு வயரின் முனை பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அழுத்தினாள். 'கிளிக்'. நாங்கள் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குக் காது கொடுத்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய 'விய்ய்ய்' என்று ஒரு சத்தம் ஏறியது. மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

டிவியில் படம் வந்தது. முதல் காட்சியே மாப்பிள்ளையின் குறட்டை. குறட்டைக்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மகள் அப்படியே படத்தைப் போட்டிக்கு அனுப்ப ஆரம்பித்தாள். எவ்வளவு போயிற்று என்று காட்டும் கோடு மெல்ல நகர்ந்தது. அது முனையைத் தொட்டு, 'கிடைத்தது' என்று பதில் வந்தபோது ஆறு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், புருஷனைக் கட்டிக்கொண்டாள், நான் வரிசையில் நின்றேன், பாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

டாக்டர் மட்டும் சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று ஓட்டை டிஸ்க். ஒரு ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனா போகுது," என்றார் யாரிடமோ. "யாரும் கேக்கலைன்னு எனக்கும் தெரியும்."

மகள் ரிமோட்டை எடுத்துப் படத்தைக் கடைசிக் காட்சிக்கு ஓட்டினாள். சோபாவில் மாப்பிள்ளை தூங்குகிறார். கேமரா மெல்ல நகர்ந்து ஜன்னல் பக்கம் போகிறது. பின்னணியில் ஓர் ஆண் குரல் பாடுகிறது. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ஆனாலும் யாரையோ மடியில் போட்டுக்கொண்டு பாடுகிற குரல்.

*ஒத்தப் பல்லு முளைச்ச கள்ளி,*
*அப்பன் விரலைக் கடிச்ச கள்ளி...*

டாக்டர் எழுந்து நின்றார். "இது நான் உனக்குப் பாடினது. முதல் பல்லு வந்தப்ப."

"உங்க டிஸ்க்லேர்ந்துதான் எடுத்தேன். நானூறையும் கேட்டுட்டுத்தான்பா இதை எடுத்தேன்," என்றாள் மகள்.

பாட்டு முடிகிற வரைக்கும் டாக்டர் நின்றபடியே கேட்டார். கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் வாயையே திறக்காமல் நின்றதை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவர் மனைவி வந்து பக்கத்தில் நின்றார். "என்னங்க, இது ஒண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா." கொஞ்சம் யோசித்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஒண்ணு போதும்."

நாங்கள் கிளம்பும்போது டாக்டர் வாசல் வரை வந்தார். பாஸின் வீங்கிய கன்னத்தையே பார்த்தார்.

"உங்களுக்கு என்ன ஃபீஸ் கொடுக்கறதுன்னே தெரியலைம்மா. நாளைக்குக் காலையில வாங்க. அந்த மேல் வலது ஆறை நானே பிடுங்கித் தர்றேன், காசு வேண்டாம்."

பாஸ் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து என் தோளை இறுகப் பிடித்தார். அவர் பயப்படுவதை நான் முதுகிலேயே உணர்ந்தேன்.

"வர்றேன் டாக்டர்," என்றார். "ஆனா எந்தப் பல்லுன்னு வாயால சொல்லாதீங்க. தொட்டுக் காட்டிட்டுப் பிடுங்குங்க."